நஸ்ரின் எழுதிய வரி

கூட்டம் பதினோரு மணிக்கு. இப்போது பத்து பன்னிரண்டு. திரையில் நேற்றுவரை ஓடிய அந்த ஒரு வரி, அதற்கு நேரே இடது ஓரத்தில் சாம்பல் நிறச் சின்ன எழுத்தில் நஸ்ரின் பானு, மார்ச் பதினாலு, மாலை நாலு முப்பத்தெட்டு. எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் தானாக எழுதிவைக்கிற பதிவு. ஒன்பதரைக்குக் கிருபாகரன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, குனிந்து, அந்தப் பெயரைப் படித்தான். படித்தார் என்று சொல்ல வேண்டும், முதலாளி. கல்லூரியில் எனக்கு மூன்று வருஷம் இளையவன் என்பதால் வாய் சார் என்றாலும் மனசுக்குள் இன்னும் அவன்தான், அவனும் அன்றைக்குப் போலவே என்னை அண்ணே என்கிறான். "நஸ்ரின் பண்ணதுண்ணே இது. அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுக்கிறேன். லீவுல இருக்க புள்ள, இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். திரும்பி வர்றேன்னு சொல்றப்போ யோசிச்சுக்குவோம்," என்றான். பிறகு என் தோளில் கை வைத்து, "நல்லவேளை நீங்க இருந்தீங்க," என்றான். அந்தக் கை பட்ட இடம் முக்கால் மணி நேரமாக அப்படியே இருக்கிறது, சட்டைக்குள் எதுவோ ஒட்டிக்கொண்ட மாதிரி. யோசிச்சுக்குவோம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சென்னையில் என்னை வேலையிலிருந்து அனுப்புவதற்கு முன் யோசித்தவர்களும் இப்படி மெதுவான குரலில்தான் பேசினார்கள், தண்ணீர் குடிக்கிறீங்களா பரஞ்சோதி என்று கேட்டுவிட்டு.

நாங்கள் செய்வது பெரிய வேலை இல்லை. மதுரை பைபாஸ் ரோட்டில் டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, மொத்தம் ஏழு பேர். ஆஸ்பத்திரிகளில் இருக்கிற குளிர்ப்பெட்டிகளுக்குள் ஒரு சின்னக் கருவி வைப்போம், அது ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அனுப்பும், எல்லை தாண்டினால் பொறுப்பில் இருப்பவர் போனில் அலாரம் அடிக்கும். அடிக்கவைப்பது எங்கள் புரோகிராம். ஞாயிற்றுக்கிழமை அது அடிக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கியில் ஃப்ரீசர் கதவின் ரப்பர் ஓரத்தில் மடிந்து, கதவு மூடியும் மூடாமல் இருந்திருக்கிறது. மைனஸ் இருபதில் இருக்க வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நேற்று காலை சிஸ்டர் லூர்து மேரி திறந்தபோது ப்ளஸ் மூன்று. ஐம்பத்தெட்டு பாட்டில் பால், எல்லாம் உருகிப்போய். சிஸ்டர்தான் அந்த வங்கிக்குப் பொறுப்பு, போனில் என்னிடம்தான் பேசினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சார், அலாரம் வரவே இல்ல. ஏன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க," என்றார். நான் சரி சிஸ்டர் என்றேன். அவர் வைக்கவில்லை. "எல்லாத்தையும் சிங்க்ல ஊத்திட்டோம் சார். ஒவ்வொரு பாட்டில்லயும் குடுத்த அம்மா பேரு இருக்கும். பேரப் பாக்காம ஊத்துங்கன்னு நம்ம நர்ஸ் புள்ளைங்ககிட்ட சொன்னேன்," என்றார். கீழே வார்டில் ஒரு கிலோகூட எடை இல்லாத நாலு குழந்தைகள். இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் பால் வரவழைத்தார்கள், மதியத்துக்குள் வந்துவிட்டது, குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. நேற்றிலிருந்து பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லச் சொல்ல அந்த சிங்க்தான் வருகிறது, ஸ்டீல் சிங்க், ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், பேரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுகிற பெண்கள்.

நஸ்ரின் எழுதியிருந்ததை இப்போது எழுத்துக்கு எழுத்துச் சொல்வேன். நாலு வரி. பார்க்க அழகாக இருக்காது. புரோகிராமில் ஒவ்வொரு துண்டுக்கும் இன்னொரு துண்டு வேண்டியிருக்கும், அலாரத் துண்டுக்கு எல்லை தெரிய வேண்டும். யாருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஒன்று இருக்கிறது, கன்டெய்னர் என்போம், அதற்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். அந்தப் பட்டியல்தான் கான்ஃபிக். அதில் ஒரு எண்ணையோ பெயரையோ எழுதினால் எந்தத் தொல்லையும் இல்லை. நாமே தயாரித்த பொருளை உள்ளே அனுப்ப வேண்டும் என்றால்தான் கவனம் வேண்டும். எல்லை என்று வகையின் பெயரை மட்டும் எழுதினால், கன்டெய்னர் தன் போக்கில் புதிதாக ஒரு எல்லையைச் செய்து கொடுத்துவிடும். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பெட்டி என்று அதற்குத் தெரியாது. அளவு சொல்லாவிட்டால் எட்டு டிகிரி தாண்டினால் அலாரம் என்று ஆரம்பத்தில் யாரோ வைத்த பொது அளவு, சாதாரண மருந்துப் பெட்டிக்கு வைத்தது, அது வந்து உட்கார்ந்துகொள்ளும். நஸ்ரின் முதலில் ஆஸ்பத்திரி கொடுத்த அளவைப் படித்து, மைனஸ் பதினைந்து தாண்டினால் அடி என்று ஒரு எல்லையைத் தன் கையால் செய்து, இதையே கொடு, நீயாகச் செய்யாதே என்று கன்டெய்னருக்குச் சொல்லியிருந்தாள். மேலே ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள், நாம் செய்ததை அப்படியே கொடுக்க வேண்டும், கன்டெய்னரைச் செய்ய விடக் கூடாது என்று. இப்போது திரையில் இருக்கிற வரியில் அதெல்லாம் இல்லை. எல்லை என்று வகையின் பெயர் மட்டும். சுத்தமான ஒற்றை வரி. தப்பு என்று சிவப்பு எழுத்து வராது, எதுவும் நின்றுபோகாது. மார்ச்சிலிருந்து நாலு மாசம் அது ஓடியிருக்கிறது, ப்ளஸ் மூன்று எட்டைவிடக் குறைவு என்று சமாதானமாக.

காலை எட்டு மணிக்கு வந்து இதைக் கண்டுபிடித்தபோது ஓரத்தில் அவள் பெயரைப் பார்த்தேன். பார்த்ததும் நிம்மதியாக இருந்தது, அதை மறைக்க முடியாது, யாரிடம் மறைக்கப் போகிறேன். அப்பாடா, அந்தப் புள்ள. பாவம், மாசமாக இருந்த நேரம், கவனம் பிசகியிருக்கும். எவ்வளவு சுலபமாகப் பாவம் வந்தது. பழைய பதிவிலிருந்து அந்த நாலு வரியைத் தேடியெடுத்தேன், திரும்ப உள்ளே வைத்தேன், இதே மாதிரி ஃப்ரீசர் உள்ள மற்ற மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அலாரம் அடித்தது. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பதிவில் இப்போது கெடுத்தவள் நஸ்ரின், சரிசெய்தவன் பரஞ்சோதி. அதற்கப்புறம்தான், டீ ஆறட்டும் என்று வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, விரல் நுனியில் ஒரு பிசுபிசுப்பு வந்தது. டீ இல்லை. லட்டு. மார்ச் பதினாலு வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள், அடுத்த நாளிலிருந்து பிரசவ லீவு. உள்ளே பெரிய மேஜையில் பிரியாணி அண்டாவைத் திறந்து எல்லோரும் சத்தமாக இருந்தார்கள். என் லேப்டாப் அந்த வாரம் ரிப்பேருக்குப் போயிருந்தது. "என் சிஸ்டத்துல உக்காருங்கண்ணே, திறந்துதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, ஒரு கையை இடுப்பில் கொடுத்து எழுந்து போனாள். கையில் ஒரு லட்டு வைத்துவிட்டுப் போனாள். அவள் கீபோர்டில் எண்டர் பொத்தான் தளர்ந்திருக்கும், அழுத்தினால் டொக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் முதலில் திரும்பி வந்தது. டொக். அவளுடைய நாலு வரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். கன்டெய்னர் எதற்கு இருக்கிறது, இப்படியா சுற்றி வளைப்பது, சின்னப் பெண்கள் எல்லாவற்றையும் கையால் செய்துவிட்டுக் குறிப்பு வேறு எழுதுவார்கள். இருபத்திரண்டு வருஷ அனுபவம். குறிப்போடு சேர்த்து நாலு வரியையும் அழித்தேன், ஒரு வரி எழுதினேன். சோதனை ஓட்டினேன், சாதாரணப் பெட்டியில்தான் ஓட்டினேன், சரி என்று பச்சை வந்தது. டொக். நாலு முப்பத்தெட்டு. யாரும் செய்யச் சொல்லவில்லை. பிறகு போய் பிரியாணி சாப்பிட்டேன்.

பத்து இருபத்தாறு. கீழே டயர் கடையில் காற்றடிக்கிற மிஷின் ஓடத் தொடங்கியிருக்கிறது, தரை லேசாக அதிர்கிறது. யாருக்கும் தெரியாது. தெரியவும் வழி இல்லை, பதிவு இருக்கிறது. நான்கூட மறந்திருந்தேன் அல்லவா, மறந்தே போயிருக்கலாம், லட்டு ஞாபகம் வராமல் இருந்திருக்கலாம். ஒருவேளை நான் அழித்தது வேறு நாலு வரியோ. அப்படி இருக்க வாய்ப்பு உண்டா என்று நேர்மையாகத்தான் யோசிக்கிறேன், எவ்வளவு நேர்மையாக யோசிக்கிறேன் பார். டொக் என்ற சத்தம் அவள் கீபோர்டில் மட்டும்தான். சொன்னால் என்ன ஆகும். கிருபாகரன் கத்த மாட்டான். தண்ணீர் குடிக்கிறீங்களா என்பான். நாற்பத்தேழு வயதில் மறுபடியும் வேலை இல்லாத அந்த ஒரு வருஷம். மனைவி கோமதி பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குக் கிளம்பிப் போனதும் வீட்டில் நான் ஒருத்தன், என்ன செய்வது என்று தெரியாமல் துணி தேய்ப்பேன். என் சட்டை, அவள் புடவை, பெண்ணின் சீருடை, எல்லாம் முடிந்த பிறகு தலையணை உறை, பிறகு கைக்குட்டை. ஒருநாள் பழைய திரைச்சீலையை இறக்கித் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கோமதி சீக்கிரம் வந்துவிட்டாள், பார்த்தாள், மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு அடுத்த வாரம்தான் கிருபாகரனுக்கு நானே போன் செய்தது. நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில் எல்லாம் எவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள், உங்க அனுபவத்துக்கு எங்ககிட்ட வேலை இல்லை சார் என்று. அனுபவம். இரண்டு விரலால் பிடித்து ஓரமாக வைக்கிற மாதிரி அந்த வார்த்தையை வைப்பார்கள். நஸ்ரினுக்கு இருபத்தெட்டு வயது, நல்ல கை, எங்கே போனாலும் எடுத்துக்கொள்வார்கள். இதையும் நான்தான் சொல்கிறேன். கைக்குழந்தையோடு மேலூரிலிருந்து எங்கே போவாள், இங்கே தப்புப் பண்ணி அனுப்பப்பட்டவள் என்ற பேச்சோடு. எங்கே போனாலும் எடுத்துக்கொள்வார்கள் என்று என்னைப் பற்றியும் சென்னையில் சொல்லியிருப்பார்கள், மனசு லேசாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

போன் அதிர்ந்தது. நஸ்ரின். பத்து முப்பத்தைந்து. எடுக்க வேண்டாம் என்று நினைப்பதற்குள் விரல் எடுத்துவிட்டது. "அண்ணே, நல்லாருக்கீங்களா," என்றாள், பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. "சார் மெசேஜ் போட்டிருந்தார். அந்த வரிய நான் மாத்தினேனான்னு கேட்டிருந்தார். எனக்கு மாத்தின ஞாபகமே இல்லண்ணே. எவ்வளவோ யோசிக்கிறேன். ஆனா பதிவுல இருக்குன்னா நான்தான் பண்ணிருப்பேன், வேற யாரு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த நேரத்துல எனக்குத் தூக்கமே இல்லண்ணே, கால் வேற வீங்கியிருந்துச்சு. என்ன பண்ணேன்னே தெரியாம பண்ணிட்டேன் போல. நாலு குழந்தைங்களாமே. இப்ப என் மடில இவன வச்சுக்கிட்டு அத நினைச்சா." அங்கே நிறுத்தினாள். சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு இடைவெளி இருந்தது, ஒரு ஆள் நுழைகிற அளவு பெரிய இடைவெளி. "குழந்தைங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "நீ மனசப் போட்டுக் குழப்பிக்காத. நான் பாத்துட்டுச் சொல்றேன்." "சரிண்ணே. சார்கிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்கண்ணே, நான் வேணும்னு பண்ணலன்னு," என்றாள். சரிம்மா என்றேன். வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன், பக்கத்து மேஜையில் இருப்பவர்கள் நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கட்டும் என்று.

தன் ஞாபகத்தைவிடப் பதிவை நம்புகிறாள். அவளுக்கு ஞாபகம் இல்லை, இருக்காது, நடக்காததற்கு எப்படி ஞாபகம் இருக்கும். ஆனால் இன்னும் ஒரு வாரம் போனால் ஞாபகம் வந்துவிடும். தூக்கமில்லாத ஒரு சாயங்காலத்தை அவளே உண்டாக்குவாள், வீங்கிய காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு அந்த நாலு வரியைத் தானே அழிப்பதைப் பார்ப்பாள், டொக் என்ற சத்தம்கூட அவளுக்குக் கேட்கும். பிறகு ஆயுசுக்கும் தன் கையை நம்பமாட்டாள். நான் செய்யாததைச் செய்ததாக என்னை யாராவது நம்பவைத்திருந்தால். சென்னையில் அதுதானே நடந்தது, நான் வேகம் குறைந்துவிட்டேன் என்றார்கள், மூன்று மாசத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன், தெரிந்த வேலையையே இரண்டு முறை சரிபார்த்தேன். மதுரைக்கு வந்த பிறகும் அது போகவில்லை. அதனால்தானோ அன்றைக்கு அவளுடைய நாலு வரியை ஒரு வரி ஆக்கிக் காட்ட வேண்டியிருந்தது, யாருமே பார்க்காத இடத்தில், யாருக்குக் காட்ட. பத்து நாற்பத்தெட்டு. கோமதியிடம் கேட்கலாமா. இப்போது பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்திருக்கும், எடுப்பாள். கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும், தெரிந்ததை எதற்குக் கேட்பது, நேரம் கடத்தத்தான். எழுந்தேன். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. கிருபாகரன் அறைக்குப் பதினாறு அடி இருக்கும், நடக்கும்போது உள்ளங்கை முழுக்க வேர்த்து, பேண்ட்டில் துடைத்துக்கொண்டே போனேன், தேய்த்த பேண்ட், இன்று காலை தேய்த்தது.

கிருபாகரன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான், உட்காருங்க என்று கை காட்டினான். நான் நின்றேன். அவன் வைத்ததும் சொன்னேன். "சார், அந்த வரிய நஸ்ரின் மாத்தல. நான் மாத்தினேன். அன்னைக்கு என் லேப்டாப் ரிப்பேர்ல இருந்துச்சு, அவ சிஸ்டத்துல உக்காந்து பண்ணேன். அவ சரியாத்தான் எழுதியிருந்தா." ஒரு மூச்சில் வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான், பிறகு மேஜையைப் பார்த்தான், ஸ்டேப்ளரை எடுத்து இடம் மாற்றி வைத்தான். "யார் மாத்தச் சொன்னா?" என்றான். "யாரும் சொல்லல. எனக்கு நல்லாத் தெரியும்னு நினைச்சேன்." அண்ணே என்று வரவில்லை, கவனித்தேன். "நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றான். "ஆமா," என்றேன். "காலைல நான் உங்க பின்னாடி நின்னப்போ தெரியுமா உங்களுக்கு?" "தெரியும் சார்." கீழே காற்று மிஷின் நின்றது. அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. தண்ணீர் குடிக்கிறீங்களா என்று கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. "அந்தப் புள்ளையப் பத்தி நான் என்னென்னமோ நினைச்சிட்டேன்," என்றான், கொஞ்சம் தனக்குத்தானே. "பதினோரு மணிக்கு சிஸ்டர் லைன்ல வருவாங்க. அவங்ககிட்ட நீங்களே சொல்லணும். மத்த மூணு ஆஸ்பத்திரிக்கும் நீங்களே நேர்ல போய்ச் சொல்லணும். இனிமே நீங்க எழுதுற ஒவ்வொரு வரியையும் இன்னொருத்தர் பாத்த பிறகுதான் வெளிய போகும். நஸ்ரின் வந்தப்புறம் அவ பாக்கட்டும்." சரி என்றேன். வேலை இருக்கிறதா இல்லையா என்று கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கதவுவரை போன பிறகு, "அண்ணே," என்றான். "முதல்ல அந்தப் புள்ளைக்குப் போன் போடுங்க. கூட்டத்த அஞ்சு நிமிஷம் தள்ளிக்கலாம்."

மாடிப்படி வளைவில் நின்றுகொண்டேன். புது டயர் வாசனை கீழேயிருந்து ஏறிக்கொண்டிருந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். "நஸ்ரின், அத மாத்தினது நான்தான்மா. உன் சிஸ்டத்துல உக்காந்து, நீ சாப்பிடப் போயிருந்தப்போ. சார்கிட்ட சொல்லிட்டேன்." குழந்தை தூங்கிவிட்டது போல, ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும். போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "நான் அப்ப பேசினப்போ உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்றாள். "தெரியும்." "அழுதுட்டிருந்தேன்ல." "ஆமாம்மா." "அப்பயே ஏன் சொல்லல?" பயமா இருந்துச்சு என்றேன். அதைத் தவிர வேறு எதுவும் இல்லை சொல்ல. தலையணை உறையைப் பற்றியா சொல்ல முடியும். அவள் நீளமாக மூச்சு விட்டாள். எனக்குப் படிக்கட்டின் கைப்பிடி ஜில்லென்று இருந்தது, இந்த வெயிலிலும். பிறகு வேறு குரலில், ஆபீஸில் என் திரையைக் காட்டிச் சந்தேகம் கேட்பாளே அந்தக் குரலில், "நான் எழுதினது சரியாத்தான் இருந்துச்சா அண்ணே? அந்த எல்லைய நானே செஞ்சு உள்ள குடுத்தது?" என்றாள். "சரியாத்தான் இருந்துச்சு. எழுத்து மாறாம அதையேதான் திரும்ப வச்சிருக்கேன்." "அப்ப ஒரு நிமிஷம் இருங்க," என்றாள். நடக்கிற சத்தம், ஒரு கதவு, பாத்திரம் உருள்கிற சத்தம். "எங்க மாமி காலைலேருந்து சொல்லிட்டே இருக்காங்க, புள்ள பெத்தவளுக்கு மண்டைல ஒண்ணும் நிக்காது, இனி எதுக்கு வேலைக்குப் போறேன்னு. நானும் சரிதான் போலன்னு உக்காந்திருந்தேன். ஸ்பீக்கர்ல போடுறேன். இப்ப எங்கிட்ட சொன்னத அவங்க கேக்குற மாதிரி சொல்லுங்க." தூரத்தில் ஒரு வயதான குரல் யாரு, யாரு என்றது. மேலே எங்கள் ஆபீஸ் கதவு திறந்து என்னைத் தேடி யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. "நஸ்ரின் பானு எழுதினது சரிங்க. அத அழிச்சது நான், பரஞ்சோதி," என்றேன், படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி.